பூட்டி வைப்பதற்கா கொடுத்தோம்?

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் துணைவேந்தர் பெருந்தகை அவர்களே, எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியப் பெரியோர்களே, பிள்ளைகளின் படிப்பை நம்பிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பேனாவோடு வந்திருக்கும் தொழிலதிபர்களே, வணக்கம்!

நான் அறுவை மருத்துவன். நான் உருவாக்கிய தையல் ஊசியை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில், பல்கலைக்கழகத்தோடு நானும் இன்று இம்மேடையில் கையெழுத்திட வேண்டும். அதற்குமுன் ஓர் அண்ணன் தங்கை கதையைக் கேளுங்கள்.

தங்கை நம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். அண்ணனுக்குப் பிறந்தது முதல் மூளையில் நீர் கோக்கும் நோய். நீரை வடிக்கத் தலைக்குள் ஒரு வால்வு வைப்போம். அது அடைக்கும். அடைத்தால் அறுப்போம், அறுத்து மாற்றுவோம், மாற்றியது மறுபடி அடைக்கும்! "எதுக்கு டாக்டர் வீண் சிரமம்? மண்டையில ஒரு ஜிப் வச்சுத் தச்சுடுங்களேன்" என்பான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அவனும் அதற்காகத்தான் சொன்னான்.

அண்ணனுக்காகவே அடைக்காத வால்வை ஆக்கினாள் அந்த அருமைத் தங்கை. உரிமை பல்கலைக்கழகத்துடையது. கேட்டு வந்தது யார்? அடைக்கிற வால்வை விற்கும் அதே நிறுவனம்! கையெழுத்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, ஆண்டறிக்கையிலும் ஏறியாயிற்று. எத்தனை ஒப்பந்தம் என்று எண்ணுவோம். எது கடைக்கு வந்தது என்று கேட்கமாட்டோம். இதுதானே நம் வழக்கம்? வாங்கியவர்கள் ஒன்றுகூடச் செய்யாமல் பூட்டி வைத்தார்கள். புதியது வந்தால் பழையது விற்குமா?

அண்ணனுக்குப் பொருத்திப் பார்க்க மருத்துவக் குழு அனுமதித்தது, நிறுவனம் மறுத்தது. ஒப்பந்தம் போட்ட நம் அலுவலகத்துக்கு அவளோடு நானும் போனேன்.

"ஒண்ணே ஒண்ணு சார். எங்க லேப்ல நானே செஞ்சுக்கறேன்."

"முழு உரிமையும் அவங்களுக்குக் குடுத்தாச்சும்மா. நாம தொட்டா கேஸ் போடுவாங்க."

"அப்போ திருப்பி வாங்குங்க சார்."

"அப்படி ஒரு ஷரத்து நாம போடலையேம்மா."

குறித்த காலத்துக்குள் செய்யாவிட்டால் உரிமை திரும்பும் என்ற ஒரே ஒரு வரி! கேட்டால் நிறுவனம் ஓடிவிடும் என்று பயந்து நாமே அடித்துவிட்ட வரி!

துண்டுச்சீட்டு வருகிறது, 'சுருக்கமாக முடிக்கவும்' என்று. முடிக்கிறேன், தலைவர் அவர்களே. அவன் வாழ்வும் சுருக்கமாகத்தான் முடிந்தது. போன மாதம் வால்வு மறுபடி அடைத்தது. திறந்தேன். அறுத்து அறுத்து மாற்றியதில் புகுந்த கிருமி மூளையெங்கும் பரவியிருந்தது. என்னால் காப்பாற்ற முடியவில்லை. வெளியே வந்து சொன்னேன். தங்கை அழவில்லை. "அந்த வால்வை என்கிட்ட குடுங்க டாக்டர். எந்த இடத்துல அடைச்சிருக்குன்னு பாக்கணும்" என்றாள். நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆலைக்கு ஆய்வைக் கொடுப்பது குற்றமா? இல்லவே இல்லை! ஆலையின்றி நோயாளியின் கைக்கு அது எப்படிப் போகும்? கொடுப்போம், மனமாரக் கொடுப்போம். பூட்டினால் பறிப்போம் என்று எழுதிவிட்டுக் கொடுப்போம்!

கைதட்ட வேண்டாம். என் ஊசிக்கான ஒப்பந்தத்தைக் காலையில் படித்தேன். அதிலும் அந்த வரி இல்லை.

எழுதுங்கள், கையெழுத்திடுகிறேன். பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, வணங்கி, கையெழுத்திடாமல் அமர்கிறேன்.