பாலகாட்டில் எடுத்த முதுகு

மாரிகுப்பத்தில் கிளம்பிய காலை ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள். இளையவள் மடியில் கேமரா. மூத்தவள் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"இன்னாமே, பேப்பர்ல என் முதுகைப் போட்டிருக்கே?"

"வேணும்னுதான் அக்கா. வீடு இடிக்க ஜேசிபி வந்த அன்னிக்கு யார் மூஞ்சியும் எடுக்கல. போட்டோவ வச்சிதான் போலீஸ் ஆளைப் புடிக்கறாங்க."

"பச்சைப் புடவை, சாஞ்ச தோளு. எங்க ஏரியா பாலகாட்ல யாருக்குத் தெரியாது? ஸ்டேஷன்ல கூப்ட்டு கேட்டாங்க. நான்தான்னுட்டேன்."

"ஐயோ, ஏங்க்கா ஒத்துக்கினீங்க?"

"போட்டோவுக்குக் கீழ உங்க பேப்பர்காரன் இன்னா எழுதியிருந்தான், படிச்சியா? கூட்டம் பயந்து ஓடுச்சாம். முதுகைப் பார்த்தா அப்படித்தான் தோணும். நாங்க ஜேசிபிய எதுத்துதானே போய்க்கினு இருந்தோம்?"

இளையவள் கேமராவின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். மூத்தவள் டப்பா மூடியில் இரண்டு இட்லி வைத்து நீட்டினாள்.

"சாப்புடு. திங்கக்கிழமை திரும்ப வரானுங்களாம். நீ எங்க பின்னால நிக்காத. ஜேசிபி பக்கத்துல போய் நில்லு. நாங்க வர்றது அங்கேர்ந்துதான் தெரியும்."