குரலுக்கு ஓய்வு

குற்றால சீசன் நாட்களில் எங்கள் வீட்டில் துணி காய இரண்டு நாள் ஆகும். மேலகரத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மலைப்பக்கமிருந்து சாரல் வந்துகொண்டே இருக்கும்; வெயில் எட்டிப் பார்ப்பதற்குள் மறுபடி தூறிவிடும். வேல்விழி குளியலறையில் வழுக்கி விழுந்ததற்கு அந்த ஈரம்தான் காரணம். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவளை நான் தள்ளிவிட்டேன் என்று தெருவில் பேச்சு இருக்கிறது. பதின்மூன்று வருடக் குடித்தனத்தில் நான் அவள் மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை.

என் பெயர் குமரகுரு. வயது நாற்பத்தாறு. தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு வாத்தியார். முப்பது வருடமாக வயலின் வாசிக்கிறேன். என் மனைவி வேல்விழி ஆய்க்குடிக்காரி. கல்யாணமான புதிதில் பண்பொழி திருமலைக் கோயிலில் அவள் பாடினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அவள் ஒரு சங்கதியைப் பாடி நிறுத்துவாள், அதை நான் வயலினில் திருப்பிச் சொல்வேன். ஒன்பது வருடம் எங்களுக்குள் பெரிய பேச்சுவார்த்தை தேவைப்படவில்லை. மேடையிலேயே எல்லாம் பேசிக்கொண்டோம்.

பிறகு ஜெனி வந்தாள். வேல்விழியோடு கல்லூரியில் படித்தவள். தேவாலயத்தில் பாடகர் குழு நடத்துகிறவள், பியானோ வாசிப்பாள். வேல்விழி சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போனாள். முதலில் சும்மா பார்க்கப் போவதாகத்தான் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒன்று பாடிக் காட்டினாள். ஹம்சத்வனி. பாதிவரை நாம் பாடுகிற ஹம்சத்வனிதான். மேலே போகப் போக அதில் கமகம் இல்லாமல் போனது. அசைவே இல்லாமல், குரலை அப்படியே திறந்து, கண்ணாடிக் கம்பி மாதிரி ஒரே ஸ்வரத்தில் நின்றாள். தேவாலயத்தில் உச்சஸ்தாயியில் பாடுகிறவர்கள் நிற்பார்களே, அப்படி. அதிலிருந்து சறுக்கி மறுபடி நம் ராகத்துக்குள் வந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"இது என்னது?" என்று கேட்டேன்.

"தெரியலயே" என்று சிரித்தாள். "நல்லாத்தான இருக்கு?"

நன்றாக இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் என்ன என்று தெரியாத ஒன்று எப்படி நன்றாக இருக்க முடியும்? நாங்கள் வழக்கமாகக் கச்சேரி செய்யும் சபாவில் அதைப் பாடியபோது செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் இது வேண்டாம், இது கச்சேரி இல்லை என்றார். அதே வருடம் ஒரு மெல்லிசைப் போட்டிக்குப் போனாள். ரொம்பக் கர்நாடகமாக இருக்கிறது என்று அங்கே வெளியே நிறுத்தினார்கள். நான் வருந்தினேன். அவள் வருந்தவில்லை.

"ரெண்டு வீட்டுலயும் எனக்கு எல போட மாட்டாங்கன்னா போகட்டும். நான் நடுத்தெருவுல அடுப்பு வச்சுக்கிடுதேன்" என்றாள்.

அந்த நடுத்தெருவுக்குத்தான் கூட்டம் வந்தது. ஜெனியும் அவளும் சேர்ந்து போட்ட வீடியோக்களை லட்சக்கணக்கில் பார்த்தார்கள். 2022 ஜூனில் குற்றாலத்தில் ஒரு மேடை. நானும் வாசிக்க வேண்டும் என்று வேல்விழி பிடிவாதமாகச் சொன்னாள். ஜெனி எனக்கு ஒரு தாள் கொடுத்தாள். முழுப் பாட்டுக்கும் அதில் மூன்று ஸ்வரங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் நீளமாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒத்திகையில் இரண்டு முறை வாசித்தேன். மூன்றாவது முறை ஜெனி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. வயலின் இங்கன வேண்டாம்னு நெனைக்கேன். கீபோர்டுலயே அந்தச் சத்தம் இருக்கு."

வேல்விழி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் தாளைப் பார்த்தாள். அதில் எனக்கு எந்த மனக்கசப்பும் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து முழு நிகழ்ச்சியையும் கேட்டேன். கடைசிப் பாட்டுக்கு ஜனங்கள் எழுந்து நின்றார்கள். நான் உட்கார்ந்திருந்தேன், கால் மரத்துப் போயிருந்ததால்.

அந்த ஆகஸ்டில் அவள் குரல் கரகரத்தது. திருநெல்வேலியில் தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். குரல்நாணில் சின்ன முடிச்சு, அதிகம் பாடுகிறவர்களுக்கு வருவதுதான் என்றார். ஆறு வாரம் ஓய்வு, முதல் இரண்டு வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. வேல்விழி ஒரு சிறு நோட்டு வாங்கிக்கொண்டாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். இரண்டு வாரம் போதும் என்றாலும் ஆறு வாரமும் வாய் திறக்கவில்லை.

அந்த ஆறு வாரத்தை நான் எப்படிச் சொல்வது? சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் காபி குடித்துவிட்டு வயலினை எடுப்பேன். அவள் எதிரே உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவாள். சனிக்கிழமை எங்கும் போகவில்லை. வீட்டில் மறுபடி ஒரு ராகம் ஒரே ராகமாக இருந்தது.

மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். அறிக்கையை மறுநாள் வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் மட்டும் பேருந்தில் போய் வாங்கிவந்தேன். முடிச்சு கரையவில்லை, பெரிதாகியிருக்கிறது என்று வேல்விழியிடம் சொன்னேன். அறுவை சிகிச்சை செய்தால் மேல் ஸ்தாயி மொத்தமாகப் போய்விடும். ஓய்வு ஒன்றுதான் வழி.

அவள் நோட்டில் எழுதினாள்: "எத்தனை நாள்?"

சென்னையில் பாடகர்களுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், செல்லப்பா என்று பெயர், அறிக்கையை அவருக்கு அனுப்பியிருக்கிறேன் என்றேன். அவர் நேரில் பார்ப்பதில்லை, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வார். மறுநாளே அவளுக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு வருடம் என்று சொல்லியிருந்தார். முனகக்கூடாது. கிசுகிசுக்கக்கூடாது, கிசுகிசுப்பது பேசுவதைவிடக் கெடுதல்.

வேல்விழி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்து வழக்கம்போல் சமைத்தாள்.

பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி அக்காவுக்கு வீட்டுக்காரர் சவுதியில். மத்தியானம் வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். "நீ பேசாட்டி என்ன ஏட்டி, ஒனக்கும் சேத்து நான் பேசுதேன்" என்பாள். அவள் வருவதை நான் தடுத்ததில்லை. ஜெனி வருவதுதான் சிக்கலாக இருந்தது. ஒருநாள் வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டாள்.

"எங்க கொயர்ல ஒரு பிள்ளைக்கு இதே முடிச்சு, அண்ணாச்சி. ரெண்டே மாசத்துல பாடிட்டா. இவளுக்கு மட்டும் என்ன வருஷக்கணக்குல சொல்லுதாங்க? எந்த டாக்டர்? நம்பர் குடுங்க, நான் பேசுதேன்."

அடுத்த வாரம் டாக்டர் செல்லப்பா வேல்விழிக்கு எழுதினார்: பாட்டுக்காரர்களைப் பார்த்தால் நோயாளியின் தொண்டை தன்னையறியாமல் அசையும், கொஞ்ச நாள் தவிர்ப்பது நல்லது. வேல்விழியே ஜெனிக்கு எழுதி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறு வருடம் அவளுடைய அம்மா சங்கரம்மாள் ஆய்க்குடியில் இறந்துபோனாள். பெண்கள் தலைவிரித்து அழுதுகொண்டிருந்தார்கள். வேல்விழி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அம்மாவின் காலடியில் இருந்தாள். நான் எதிர்ச் சுவரோரம் நின்றேன். அவள் நிமிர்ந்த போதெல்லாம் உதட்டில் விரல் வைத்து நினைவுபடுத்தினேன். யாரோ ஒரு சொந்தக்காரி, "பெத்தவ கெடக்கா, ஒரு சத்தம் வருதா பாரு அவளுக்கு" என்றாள். அது தவறான பேச்சு. உடம்பெல்லாம் அவளுக்குக் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் டாக்டருக்கு எழுதியதை நான் இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். "அம்மாவைத் தூக்கும்போது அம்மா என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டேன் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னேன். பெரிய கெடுதலா? மன்னித்துக்கொள்ளுங்கள்."

டாக்டர் பதில் எழுதினார்: "ஆறு மாதம் பின்னால் போய்விட்டோம்."

அதற்குப் பிறகு அவள் தூங்கும்போது வாயில் துணி கட்டிக்கொண்டாள், தூக்கத்தில் உளறிவிடக்கூடாதே என்று. அது அவளாகச் செய்தது. யாரும் சொல்லவில்லை.

ஒரு வருடம் இரண்டாகி, மூன்றை நெருங்கியது; டாக்டர் கெடுவை நீட்டிக்கொண்டே போனார். அவரிடம் அவள் என்னென்னவோ எழுதினாள். பாடுவதாகக் கனவு வந்தால் அதுவும் தொண்டையைப் பாதிக்குமா என்று கேட்டாள். வீட்டுச் சுவரெல்லாம் கிட்டே கிட்டே வருவதுபோல் இருக்கிறது என்றாள். ஒருமுறை, "அவர் தினமும் எனக்காக வாசிக்கிறார். அதைக் கேட்கும்போதுதான் அதிகம் மூச்சு முட்டுகிறது. அவரிடம் இதைச் சொல்ல முடியாது, பாவம்" என்று எழுதினாள். வாசிப்பைக் கேட்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று டாக்டர் விளக்கினார்.

இந்த ஜூலை ஏழாம் தேதி காலையில் நான் பள்ளிக்குப் போனபின் அவள் விழுந்தாள். பத்து மணி இருக்கும். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. செல்போன் அடுப்படியில். குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹாஜரா பீவியின் அடுப்படி. அங்கே பாத்திரம் உருட்டினால் இங்கே கேட்கும். நான் நாலரை மணிக்கு வந்து கதவைத் திறந்தேன். சுவரைத் தட்டக் கை எட்டாமல் ஆறரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறாள். துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்திருந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்திருந்தது. ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

ஹாஜரா பீவி ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, ஒரு கொரல் குடுத்திருந்தா வந்திருப்பேனே. மத்தியானம் கதவத் தட்டிட்டு, நீ தூங்குதன்னு நெனச்சுத் திரும்பிட்டேனே. இந்தச் செவுத்துக்கு அங்கனதான நின்னேன்."

எனக்கு அப்போது தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன், எதையும் மறைக்கக் கூடாது என்று உட்கார்ந்திருப்பதால். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி ஒரு கட்டுப்பாடு எந்தப் பாடகிக்கு வரும்?

ஆஸ்பத்திரியில் மறுநாள் அறுவை சிகிச்சை. முதுகில் போட்ட ஊசி சரியாகப் பிடிக்காததால் முழு மயக்கம் கொடுத்தார்கள். தொண்டையில் கோளாறு என்று நான் எழுதிக்கொடுத்திருந்தேன். அதனால் மயக்க மருந்து டாக்டர் குழாய் விடும்போது கேமராவில் கவனமாகப் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் காலையில் வார்டுக்கு வந்து அவள் கட்டிலருகே நின்றார்.

"ஒங்க குரல்நாண்ல ஒண்ணுமே இல்லையேம்மா. சின்னப் பிள்ளைக்கு இருக்க மாதிரி சுத்தமா இருக்கு. ஏன் பேச மாட்டேங்கீங்க?"

வேல்விழி என்னைப் பார்க்கவில்லை. தலையணைக்கடியிலிருந்து செல்லை எடுத்து ஏதோ எழுதினாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் சட்டைப் பையில் டிங் என்று ஒரு சத்தம். பள்ளியில் மட்டும் அந்தச் சத்தத்தை விட்டுவைப்பேன். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவேன். விழுந்த அன்று பதற்றத்தில் மறந்திருக்கிறேன்.

அவள் கை நின்றது. சற்றுப் பொறுத்து ஒரே ஒரு புள்ளியை மட்டும் அனுப்பினாள். என் பையில் மறுபடி டிங். மூன்றாவது தடவை அனுப்பும்போது அவள் போனைப் பார்க்கவில்லை. என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் மேடம், செல்லப்பா என்று யாரும் இல்லை. அந்த இரண்டாவது போனை நான்தான் வாங்கினேன். பள்ளியில் சாப்பாட்டு இடைவேளையில் பதில் எழுதுவேன். 2022 அக்டோபரில் வாங்கிய அறிக்கையில், முடிச்சு முழுமையாகக் கரைந்துவிட்டது, பாடலாம் என்று இருந்தது. அந்தத் தாள் வயலின் பெட்டியின் வெல்வெட்டுக்கு அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தை மாதமும் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் குரல் அந்த நடுத்தெருவை மறந்திருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் போதும் என்று இருந்தேன். குரல் உள்ளே இருக்கும்போது அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்றைக்கு அவள் வாய் திறந்தபோது முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, துருப்பிடித்த கதவைத் தள்ளுகிறாற்போல் ஒரு சத்தம். "சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "இவர வெளிய போகச் சொல்லுங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். மத்தியானம் ஜெனி வந்தாள். மீதியெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது.

கையெழுத்துப் போடுகிறேன். எதிலும் எனக்கு மறுப்பில்லை. என்ன பிரிவு போட்டாலும் சரி. ஒரே ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து அறையில் அவள் சக்கர நாற்காலியில் இருந்தபடி வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பது இங்கே கேட்கிறது. இரண்டு மணி நேரமாக நிறுத்தாமல் பேசுகிறாள். இத்தனை நாள் ஓய்வில் இருந்த தொண்டை அது, குரல் கரகரக்க ஆரம்பித்துவிட்டது. இப்படியே போனால் கெட்டுவிடும். யாராவது போய் அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.