சட்டைப் பையில் இன்னொரு சீட்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான், டைப் அடித்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னபோது, வேண்டாம் சார், நானே எழுதித் தருகிறேன் என்றேன். விசாரணை அதிகாரி என்றால் அதட்டுவார் என்று நினைத்து வந்தேன். வீரராகவன் சார், நீங்கள் பேப்பரும் பேனாவும் கொடுத்து, ஃபேனையும் என் பக்கம் திருப்பிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

என் பெயர் அன்புராஜ். திருவள்ளூர் மணவாள நகரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நெட்வொர்க் பயிற்சி லேப் நடத்துகிறேன். உங்கள் கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்ட பூமிகா என் மனைவி. போன மாதம் அங்கே துப்புரவு வேலை பார்த்த கலியன் இறந்துபோனதற்கு அவள்தான் பொறுப்பு என்று நோட்டீஸ் கொடுத்தீர்கள். அவளும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவள் போட்டது தப்பான கையெழுத்து. ஏன் என்று புரிய வேண்டுமானால் லூப் என்கிற கேபிள் வட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சுவிட்ச் என்பது பல கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டி. கேபிள்கள் ஒரு வட்டமாக அமைந்துவிட்டால், உள்ளே போன தகவல் வெளியே வர வழியில்லாமல் அதிலேயே சுற்றிச் சுற்றிப் பெருகும். விளக்குகள் எல்லாம் வெறிபிடித்த மாதிரி சிமிட்டும். கொஞ்ச நேரத்தில் மொத்த நெட்வொர்க்கும் திணறி நின்றுவிடும். இதைத் தடுக்க ஸ்பேனிங் ட்ரீ என்று ஒரு ஏற்பாடு உண்டு. வட்டத்தில் ஒரு வழியை அதுவே அடைத்துவைக்கும். பயிற்சிக்காக நாங்கள் அதை அணைத்துவிடுவோம். மலிவான பெட்டிகளில், உங்கள் பேக்கிங் ஷெட்டில் இருப்பது மாதிரி, அது இருப்பதே இல்லை. இன்னொன்று, வட்டத்தில் இருக்கும் எந்தக் கேபிளைப் பிடுங்கினாலும் எல்லாம் அடங்கிவிடும். அடங்கியதை வைத்துக்கொண்டு, கூடுதலாகச் செருகிய கேபிள் எது என்று சொல்ல முடியாது. செருகியவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம். ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் ஒரு கேபிளைக் கூடுதலாகச் செருகுவார். அதன் நம்பரைச் சீட்டில் எழுதி மடித்து, டீ டம்ளருக்கு அடியில் வைப்பார். வெளியே நின்றவர் உள்ளே வந்து கண்டுபிடித்த பிறகு சீட்டைப் பிரிப்போம். கல்யாணமான புதிதில், பையன்கள் சாப்பிடப் போகும் மத்தியான நேரத்தில், பூமிகாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். ஆறே மாதத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். நான் இருபது நிமிடம் முட்டி மோதுவதை அவள் நாலு நிமிடத்தில் முடிப்பாள்.

"எப்படிடீ?" என்று கேட்டால் சிரிப்பாள். "புதுசா சொருவுன ஒயரு, புதுப் பொண்ணு மாதிரி வெறப்பா நின்னுகினு கீதுங்க. பாத்தாலே தெரில?"

பையன்கள் சந்தேகத்தை அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். பெங்களூர் கம்பெனி ஒன்றின் வேலை விளம்பரத்தை வெட்டி, சுவிட்சுகள் அடுக்கிய ரேக்கில் ஒட்டிவைத்தாள். பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள் சார். எனக்குப் பயம். அவள் இல்லாத வீட்டை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

முதல் தடவை நடந்தது நிஜமாகவே கைத்தவறு. ஏழு என்று எழுதவேண்டிய இடத்தில் பதினேழு என்று எழுதிவிட்டேன். அவள் ஏழு என்று சரியாகச் சொன்னாள். சீட்டைப் பிரித்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்ய, இப்டிக் கோட்ட வுட்டுட்டேனே." அன்று சாயங்காலம் முழுக்க நோட்டும் பென்சிலுமாக என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் என் தோளில் சாய்ந்தாள். தப்பு என்னுடையது என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு சீட்டு எழுதினேன். சரியானது டம்ளருக்கு அடியில். தப்பானது என் சட்டைப் பையில். அவள் சரியாகச் சொன்னால் டம்ளரைத் தூக்கும்போது கையில் மாற்றிவிடுவேன். எப்போதும் இல்லை, பத்துக்கு மூன்று தடவை. அதற்கு மேல் போனால் சந்தேகம் வந்துவிடும். "நான் சொன்னதப் புடுங்குனதும் அடங்குச்சேங்க" என்பாள். "எதைப் புடுங்கினாலும் அடங்கும் பூமி" என்பேன். அது பொய் இல்லையே.

இரண்டு வருடம் இப்படிப் போனது. நாலு நிமிடம் என்பது பத்தாகி, அரைமணி ஆனது. கண்டுபிடித்த கேபிளைத் தொட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பாள். விளம்பரத்தை அவளே கிழித்துப் போட்டாள். "நீங்க இல்லன்னா எனுக்கு ஒண்ணியும் தெரியாதுங்க" என்றாள். அவளை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, கை நீட்டியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

2007இல் உங்கள் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. காலையில் வேனில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம் என்பதால் சரி என்றேன். எதைத் தொடுவதற்கு முன்பும் எனக்கு போன் செய்வாள். இந்த வருடம் அவளைப் பூனா ஆபீசுக்கு மாற்றுவதாக மேனேஜர் பேசினார். அதையும் அவள்தான் வந்து சொன்னாள். பயமாக இருக்கிறது என்றாள். ஆனால் சொல்லும்போது அவள் கண் பளபளத்தது. அந்தப் பளபளப்பை நான் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது.

அடுத்த வாரம், காலை பத்து இருபதுக்கு போன் வந்தது.

"ஏங்க, இங்க எல்லாம் நின்னுபோச்சு. பேக்கிங் ஷெட்டுல ஒரு ஒயரோட ரெண்டு மொனையும் ஒரே பொட்டியில சொருவிக் கீது. இதான்னு தோணுது. கன்ட்ரோல் ரூமுல கேஸ் மீட்டருகூட அப்டியே நிக்குதாம். புடுங்கிடட்டுமா?"

இதில் யோசிக்க எதுவுமே இல்லை சார். முதல் மாதம் படிக்கிற பையன்கூட அதைப் பிடுங்கியிருப்பான். பிடுங்கினால் எதுவும் கெட்டும் போயிருக்காது. கேஸ் மீட்டர் என்றது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று எழுதலாம், எழுதமாட்டேன். எனக்கு அப்போது ஓடிய நினைப்பு ஒன்றுதான். இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டாள் என்று பெயர் வந்தால் பூனா உறுதியாகிவிடும்.

"அவசரப்படாத பூமி," என்றேன். "உனக்குத் தோணுனது எத்தன தடவ தப்பா போயிருக்குது. மொதல்லேர்ந்து எல்லாப் பொட்டியும் பாத்துக்கினு வா."

"செரிங்க" என்றாள்.

எல்லாப் பெட்டியும் பார்த்துவிட்டு, திரும்ப அதே கேபிளிடம் வந்து, பத்து ஐம்பத்திரண்டுக்குப் பிடுங்கினாள். அந்த முப்பத்திரண்டு நிமிடமும் கன்ட்ரோல் ரூம் திரை பழைய அளவையே காட்டிக்கொண்டிருந்தது. குளிர் அறையில் அமோனியா வாயு கசிந்தது யாருக்கும் தெரியவில்லை. எளாவூர் கலியன் துடைப்பமும் வாளியுமாகப் பத்தரைக்கு உள்ளே போனார். கலியனின் சாவு என் வேலை. அவள் முதல் நிமிடத்திலேயே சரியாகச் சொன்னாள். எப்போதுமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

பூமிகா இப்போது சாப்பிடுவதில்லை. லேபில் ரேக்குக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று மத்தியானம் கேட்டாள்: "நான் மொதல்ல பாத்தது சரிதானங்க?" சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "நல்லா யோசிச்சுப் பாரு" என்றுதான் வந்தது. ரொம்ப நேரம் யோசித்தாள். "தெரிலங்க" என்றாள். அழுதேன். அவள்தான் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

சார், அவள் நோட்டீஸை ரத்து செய்யுங்கள். என்னைப் போலீஸில் ஒப்படையுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பேப்பரை மட்டும் அவளிடம் காட்டாதீர்கள். அவளுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை சுத்தமாகப் போய்விட்டது. என்மேல் வைத்திருப்பதாவது மிஞ்சட்டும். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?