கயிற்றின் மறுமுனை

பட்டுப்புடவையின் பளபளப்பாலேயே பந்தலுக்கு ஒளியூட்டி, தலைமைப் பீடத்தில் வீற்றிருக்கும் மாதர் சங்கத் தலைவி சரோஜா அம்மையார் அவர்களே! செங்கம் சாலைப் புழுதியைப் பொருட்படுத்தாமல் ஜீப்பில் வந்து சேர்ந்த பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக நின்றபடியே இந்த விழாவைத் தாங்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! மேடைக்கு முதுகைக் காட்டி மலையைத் தரிசித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வேதாவின் பணிவான வணக்கம்.

வாழ்த்துரை வழங்கச் சொல்லி அழைத்தார்கள். வாழ்த்தத்தான் வந்திருக்கிறேன்.

இது குழந்தைகள் ஆண்டாம். நம் சங்கம் சும்மா இருக்குமா? எவர்சில்வர் டம்ளர் தந்தோம். கம்பளிச் சட்டை தந்தோம். அதையும் சித்திரை வெயிலில் தந்தோம்! எந்தப் பிள்ளைக்கு எந்த உதவி என்று எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? கல்லூரிப் படிப்பு வீணாகக் கூடாதே என்று ஆராய்ந்தேன். அறிந்துகொண்டேன். மேடையில் இரு கையாலும் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். போட்டோக்காரர் சகாதேவனின் கேமராவுக்குள் அடங்க வேண்டும். அவ்வளவுதான்! பிள்ளைக்கு அது தேவையா என்று கேட்கலாம்தான். அதற்குள் காப்பி ஆறிவிடுமே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதோ, மேடை ஓரத்தில் புது கவுன் போட்டு, கழுத்து மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறாளே உண்ணாமலை, மூன்று வயதுக் குழந்தை, அவளும் சிரிக்கிறாள். அவள் தாய் கன்னியம்மாள் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

கன்னியம்மாள் ஆசிரமத்துப் பக்கம் எழும்பும் லாட்ஜ் கட்டடத்தில் சாந்துச் சட்டி சுமப்பவர். அங்கே தூணில் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் குழந்தையின் இடுப்பு. பார்த்தவர் பதறிச் சொல்ல, பாய்ந்து சென்றது எங்கள் குழு.

"குழந்தைய ஏம்மா கட்டி வச்சிருக்க?"

"அவுத்து வுட்டா சுண்ணாம்புத் தொட்டில வுழுந்துடும்மா. ஒருவாட்டி விளிம்பு வரைக்கும் போயிட்டுது."

"பாத்துக்க ஆள் இல்லையா?"

"இருந்தா கயிறு எதுக்குங்கம்மா?"

தெளிவான பதில். உடனே கூடினோம், உருக்கமாகப் பேசினோம், உதவி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். என்ன தெரியுமா? மூன்று சக்கர சைக்கிள்! சிவப்பு நிறம், மணியோடு! இதே மேடையில் கொடுத்தோம். நீங்களும் கை தட்டினீர்கள்.

கொடுத்தால் போதுமா? பலன் உண்டா என்று மதிப்பிட வேண்டாமா? மறுபடியும் போனோம். தூணில் கயிறு இருந்தது. கயிற்றில் குழந்தை இருந்தாள். பக்கத்தில் இன்னொரு கயிற்றில் சைக்கிளும் இருந்தது!

"சைக்கிளை ஏம்மா கட்டின?"

"சங்கத்துப் பொருளாச்சேம்மா. காணாப் போச்சுன்னா நீங்க என்னைத்தான கேப்பீங்க?"

பெடலை மிதித்துப் பார்த்தோம். மணியை அடித்துப் பார்த்தோம். "துரு இல்லை, திட்டம் வெற்றி" என்று தீர்மானம் போட்டோம். நிஜமாகவா என்று கேட்கும் அம்மா, சத்தியமாகப் போட்டோம்! சைக்கிள் சௌக்கியமாக இருந்தது. குழந்தையைத்தான் யாரும் மதிப்பிடவில்லை.

ஆனால் கயிறு உறுத்தியது. கயிற்றை ஒழிக்க என்ன வழி? தாயை விட்டுப் பிள்ளையைப் பிரித்துவிட்டால் போதுமே! அப்படித்தான் முடிவாயிற்று. இன்று இந்த மேடையில் எடுத்துக் கொடுக்கப்போகும் பொருள் எது? டம்ளரா? சட்டையா? உண்ணாமலை! மாலை போட்டாயிற்று. சற்று நேரத்தில் வேலூருக்கு அப்பாலுள்ள குழந்தைகள் இல்லத்தாரிடம் அவளை ஒப்படைப்போம். கேமராவுக்குள் அழகாக அடங்குவாள்.

தாய் சம்மதித்தார் என்கிறார்கள். ஜீப்பில் இத்தனை பேர் வந்து இறங்கிக் கேட்டால் எந்தத் தாய் தலையாட்டமாட்டாள்?

இல்லத்தை நான் குறை சொல்லவில்லை. அடி வாங்கும் பிள்ளைக்கு, ஆதரவற்ற பிள்ளைக்கு அது வரம். இவளுக்கு என்ன குறை? தாய் இல்லையா? அன்பு இல்லையா? சோறு இல்லையா? வேலை முடியும்வரை பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அது ஒன்றுதான் இல்லை!

கட்டி வைத்தது கொடுமை என்று யாரோ அங்கே சொல்கிறீர்கள். ஐயா, கார்த்திகை தீபத்துக் கூட்டத்தில் பிள்ளையின் கையைத் தன் முந்தானையோடு முடிந்துகொள்ளாத தாய் இந்த ஊரில் உண்டா? இதோ, முன்வரிசையில் என் மகன்! என் நாத்தனார் முந்தானையில் முடிந்துதான் உட்கார்த்தியிருக்கிறார். அண்ணி, அவுக்காதீங்க, மேடைக்கு ஓடி வந்துடுவான்! அது பாசம் என்றால் இதுவும் பாசம்தானே? என் பிள்ளையின் முடிச்சுக்கு மறுமுனையில் அத்தை இருக்கிறாள். உண்ணாமலையின் கயிற்றுக்கு மறுமுனையில் தூண் இருக்கிறது. வேறென்ன வித்தியாசம்?

நேரமாச்சு என்று தலைவி அவர்கள் சைகை காட்டுகிறார்கள். முடித்துவிடுகிறேன்.

மேடையில் கொடுக்கக்கூடிய ஓர் உதவியை நானும் கண்டுபிடித்திருக்கிறேன். நமக்குப் பின்னால் நிற்கும் சங்க மண்டபம், விழா நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடக்கிறது. பால்வாடி ஆயாவாக இருந்து ஓய்வுபெற்ற சந்திரம்மாள், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். துணைக்கு நாம் முறை வைத்து வருவோம். முதல் முறை என்னுடையது. என் மகனோடு வருகிறேன். வேண்டியது ஒரே ஒரு பொருள்: மண்டபத்துச் சாவி. அது தலைவி அவர்களின் இடுப்பில் தொங்குகிறது. சின்னதுதான். இரு கையாலும் கொடுக்கலாம். கேமராவுக்குள்ளும் அடங்கும்!

பலனை மதிப்பிட வரும் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிளைப் பார்க்காதீர்கள். அந்தத் தூணைப் போய்ப் பாருங்கள். கயிறு அங்கே இல்லாவிட்டால் எழுதிக்கொள்ளுங்கள், திட்டம் வெற்றி என்று!

என்ன, தாய்மார்கள் எல்லாரும் எழுந்துவிட்டீர்கள்? "சாவிய குடுங்கம்மா"ன்னு அதோ ஒரு குரல். இதோ இன்னொன்று. சகாதேவன், இருங்க, அவசரப்படாதீங்க. அம்மா இடுப்பில் கை வைக்கிறார்கள்... அவிழ்க்கிறார்கள்... சந்திரம்மா, ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்குங்க. இப்ப எடுங்க போட்டோவை!

கன்னியம்மா, மேல வாங்க. அந்த மாலையக் கழட்டிட்டு உங்க பொண்ணைத் தூக்கிக்குங்க. பாவம், அதுக்குக் கழுத்து அரிக்குது.

சாவி தந்த தலைவிக்கும் குரல் தந்த தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. திங்கட்கிழமை காலை மண்டபத்து வாசலில் சந்திப்போம். வணக்கம்.