தொடர்கதையில் ஒரு சைக்கிள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் இளம்பெண்ணும் அவள் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் மடியில், வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த தொடர்கதை.

"அந்த சைக்கிளுக்கு வாய் இருந்தா அதுவே கொழம்பிப் போயிருக்கும் அண்ணி," என்றாள் இளையவள்.

"ஏன் செல்வி?"

"மாமியாக்காரிக்கு அது சம்பந்தி வூட்ல அடம்புடிச்சி வாங்கின சீரு. மருமவளுக்கு, ஓடிப்போன புருஷன் வந்துடுவான்ற நம்பிக்கை. அவ பொண்ணுக்கு, பள்ளிக்கூடம் போறதுக்கு இருக்கிற ஒரே வழி. ஆனா அதுல ஏறவே உட மாட்டேன்றாங்க!"

"பாவம் அந்தப் பொண்ணு."

நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். முண்டியம்பாக்கம் தாண்டியதும் செல்வி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணன் செத்து ரெண்டு வருஷமாச்சு. நீயும் அண்ணன் சைக்கிளை தெனம் தொடச்சிக்கினுதான் இருக்கே. அண்ணனாவே நெனச்சிக்கினு தொடைக்கிறியா?"

அண்ணி புத்தகத்தை மூடினாள்.

"மொதல்ல அப்படித்தான் தொடச்சேன்."

"இப்ப?"

"டைப்பு கிளாசுக்கு எத்தினி நாளுதான் நடப்பே? வூட்டுக்குப் போனதும் ஏறிப் பாரு. ஒன் காலுக்கு எட்டட்டும்னு காலையிலயே சீட்டை எறக்கி வெச்சிட்டுத்தான் வந்தேன்."