முன்விசையில் சுற்றிய நூல்

இல்லைய்யா, உக்காரல. நின்னே சொல்லுதேன். சாரல்ல நனைஞ்சு வந்திருக்கேன், பங்களா நாற்காலி வீணாயிரும். கலெக்டரய்யா குத்தாலத்துல கேம்ப் போட்டிருக்கீங்கன்னு காலையிலதான் சொன்னாவ. அச்சன்புதூர்ல இருந்து நடந்தே வந்துட்டோம்.

ஆமா, எங்க வீட்டுப் பெரியவரு ஏசுதாசன் கேசுதான். தம்பியச் சுட்டுட்டாவன்னு தென்காசியில புடிச்சு வச்சிருக்காவளே, அவியதான். வேணும்னே சுட்டதுன்னு போலீஸ்ல எழுதப் போறாவளாம். அப்படி எழுதிட்டா தூக்குதானேய்யா. அது கைப்பிசகு. அதச் சொல்லத்தான் வந்தேன்.

அது ரெட்டைக்குழல் துப்பாக்கி. லைசென்சு உண்டு. முந்தி ரெண்டு குழல்லயும் சின்ன ரவைதான், கடுகு வெடிச்ச மாதிரி செதறும். காட்டுப்பன்னி அதுக்கெல்லாம் அசையுமா? உடம்பச் சிலுப்பிட்டு மரச்சீனிக் கெழங்கத் தோண்டிக்கிட்டே நிக்கும். அதுக்காவத்தான் பெரியவரு மனு போட்டு, உத்தரவு வாங்கி, செங்கோட்டை கிதிர் முகம்மது பாய்கிட்ட குடுத்து வலது குழல மட்டும் ரைபிளா மாத்துனாவ. ஒத்தக் குண்டு. ஓடைக்கு அந்தாண்ட நிக்க பன்னியும் விழும். எடது குழல் பழையபடி ரவைக்கே. விசையும் ரெண்டு. முன்விசை குண்டுக்கு, பின்விசை ரவைக்கு.

அதுலதான்யா விசயமே இருக்கு. பழக்கதோசம், பெரியவருக்கு விரல் தன்னால முன்விசைக்குத்தான் போவும். பாய் அதப் பாத்துட்டு முன்விசையில செவப்பு நூலச் சுத்திக் குடுத்திருக்காவ. விரல்ல நூலு தட்டுனா பின்னால தள்ளிக்கிடணும். கண்ணால பாக்க வேண்டாம், தடவுனாப் போதும்.

சண்டையா? போட்டாவ. கெணத்துத் தண்ணிக்குச் சண்டை, பனைமட்டைக்குச் சண்டை. ஒஞ்சோலியப் பாருலேன்னு அவிய சொல்ல, இவிய மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவ. ஆனா ராத்திரி ஒரே சட்டிக் கொழம்புதான். நீரடிச்சு நீர் வெலகுமாய்யா?

எங்க வீடு வயக்காட்டுலயேதான். தெனமும் வெளக்கு வைக்குத நேரத்துக்கு சின்னவரு ஓடைக்கு அந்தாண்ட பரண்ல ஏறிருவாவ. பெரியவரு வீட்டுப் பக்கம் இருந்து பன்னி வெரட்ட ஒரு வெடி வைப்பாவ. பன்னி மலையில இருந்துதான் எறங்கும், வெடியும் பரண் இருக்க அந்தப் பக்கந்தான். ரவை ஓடையத் தாண்டாது. சத்தம் கேட்டதும் சின்னவரு பரண்ல தகரத்தத் தட்டுவாவ. நான் இங்கன முழிச்சிருக்கேன்னு அர்த்தம். அன்னைக்கும் வெடி கேட்டுச்சு. தகரம் கேக்கல. தூங்குதான் பாரு பயன்னு பெரியவரு சிரிச்சாவ. நானும் சிரிச்சுட்டு சோத்த வடிச்சேன்.

நூலா? இந்தா இருக்கு. முந்தியில முடிஞ்சு கொண்டாந்தேன். அன்னைக்கு மத்தியானம் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டது சின்னவருதான். மழையில ஊறி நூலு இத்துப்போச்சு, நாளைக்கு வேற சுத்திக்கிடலாம்னு அவுத்து அடுக்களப் படியில போட்டாவ. அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சுது. அன்னைக்குப் பேச்சுவார்த்த கெடையாதே, மட்டைச் சண்டை. நூலு என்னத்துக்குன்னு எனக்கும் அப்பத் தெரியாது. பரணுக்குக் கீழ தம்பிய மடியில போட்டுக்கிட்டு பெரியவரு சொல்லி அழுதாவ பாருங்க, நூலு தட்டலையேலே, நூலு தட்டலையேலேன்னு, அப்பத்தான் தெரியும். பெறவு தேடிப் போனேன். படியிலயே கெடந்துச்சு.

ஏசுதாசன் எம் புருசனா? இல்லைய்யா. அவிய பொண்டாட்டி ரெபேக்காள் அக்கா, அந்தா வெளிய தூணோட நிக்கா. எம் மூஞ்சியவே ஏறிட்டுப் பாக்க மாட்டேங்கா, ஒங்க முன்னால எங்க வந்து நிப்பா? நாந்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். ஒரு வீட்டுல ஒரு ஆம்பளையாவது மிஞ்சட்டும்யா.

அழுகையா? வரமாட்டேங்கு. வந்தா அழுதிருவேன்.

செத்தவரு பேரு வேணுமா, எழுததுக்கு? கெட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து நான் அந்தப் பேரச் சொன்னதில்லைய்யா. பொண்டாட்டி வாயால சொன்னா அவியளுக்கு ஆயுசு கொறையும்பாவ.

பாக்கியநாதன்னு எழுதிக்கிடுங்க.