முகத்துவாரம் வரை ஒரு பாய்த்தோணி

"படுங்க! தலை தூக்க வேணாம்!"

சுனில் கத்துகிறான். தோணியின் அடியில் குப்புறக் கிடக்கிறேன். மேலே நனைந்த வலை. பக்கத்தில் அக்கா. அவள் காலடியில் அத்தான். பம்பலப்பிட்டிக் கரையில் கண்ணாடி நொறுங்குகிறது. புகை கடல்வரை வருகிறது.

எண்பத்து மூன்று, ஜூலை. கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் தமிழர் வீடுகளைத் தேடிச் சிங்களக் காடையர்கள் பெற்றோல் கேன்களோடு வந்தார்கள். நாங்கள் பின்வளவால் ஓடினோம். ரயில் பாதையைத் தாண்டினால் கடல். அதற்கு மேல் ஓட இடமில்லை. வழமையாக எங்களுக்கு மீன் கொண்டுவரும் சிங்கள மீனவன் சுனில், தன் பாய்த்தோணியைத் தள்ளினான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலம். ஒருவரும் கடலுக்குப் போகாத நாள். வடக்கே, துறைமுகம் தாண்டி முகத்துவாரத்தில் இறங்கினால், கொட்டாஞ்சேனையில் தஞ்சம் புகத் தேவாலயம் திறந்திருக்கும் என்றான்.

காற்று எங்களைக் கரைப்பக்கமே தள்ளுகிறது. அலை உள்ளே விழுகிறது. தண்ணீர் காதைத் தொடுகிறது. இறைக்க எழும்பினால் கரையில் நிற்பவர்கள் காண்பார்கள். எழும்பாவிட்டால் தாழ்வோம்.

பாறைகளிலிருந்து ஒரு குரல். உள்ளே யார் என்று சிங்களத்தில் கேட்கிறது.

"மாளு விதரய், அய்யே!"

மீன் மட்டும்தான், அண்ணே. சுனில் அப்படித்தான் சொன்னான். அக்காவுக்கு உப்புத்தண்ணீர் புரையேறியது. என் கையைக் கடித்து இருமலை அடக்கினாள்.

துறைமுகத்துக்கு வெளியே மழை கொட்டியது. காற்று திசை மாறி அடித்தது. பாய்க்கயிறு அறுந்தது. அத்தான் எழுந்து பாயைப் பிடித்தார். இரத்மலானையில் கணக்காளர். அன்றுவரை தோணியில் ஏறியதே இல்லை.

"அத்தான், இருங்கோ!"

பாய் ஒருதரம் விசிறியது. அவர் நின்ற இடத்தில் மழை மட்டும் இருந்தது.

அக்கா அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. சுனில் கயிற்றை முடிந்துகொண்டு திரும்பத் திரும்ப அதே இடத்தைச் சுற்றினான். அலை. மழை. தலை தெரியவில்லை.

"அக்கே, தோணி நிரம்புது," என்றான் சுனில்.

அக்கா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ, மல்லி," என்றாள், அவனை அவன் மொழியில் தம்பி என்று அழைத்து.

இழந்தது இவ்வளவு. அத்தான், சிவநேசன், வயது முப்பத்துநாலு. உடல் கரை ஒதுங்கவில்லை. எங்கள் வீடு, சுவர்கள் மட்டும் மிஞ்சின. சுனிலின் தோணி. எங்களை முகத்துவாரத்தில் இறக்கிவிட்டு அவன் திரும்பியபோது, எங்களை ஏற்றியது தெரிந்து, அதை வெள்ளவத்தைக் கரையில் வைத்து எரித்தார்கள். சுனிலின் இடது கண். அடித்தவர்கள் அவன் ஊர்க்காரர்கள். அந்தக் கண்ணை எங்கள் வீட்டு இழப்போடு சேர்த்தே எழுதுகிறேன்.